பாலுக்கு மாற்று எது? சோயா, பாதாம், ஓட்ஸ் பானங்களில் உள்ளதும் இல்லாததும்

புதுடெல்லி: நகரங்களின் பல்பொருள் அங்காடிகளில் பால் வைக்கப்படும் அலமாரிக்கு அருகே இப்போது இன்னொரு வரிசையும் இடம்பிடித்துள்ளது. சோயா, பாதாம், ஓட்ஸ், தேங்காய், அரிசி, முந்திரி எனப் பெயர் தாங்கிய அட்டைப்பெட்டிகள் அவை. உள்ளே இருக்கும் திரவம் பாலைப் போலவே வெண்மையானது. காபியில் கலக்கலாம், சத்துமாவில் ஊற்றிக் காய்ச்சலாம். பாலை நிறுத்திவிட்டு இவற்றில் ஏதேனும் ஒன்றை வாங்கிக்கொண்டால் ஊட்டத்தில் குறைவு ஏற்படாது என்ற எண்ணமும் பரவலாகக் காணப்படுகிறது.

அந்த எண்ணம் இந்த வரிசையில் உள்ள ஒரு பானத்துக்கு ஏறக்குறையப் பொருந்தும். மற்றவற்றுக்குப் பொருந்தாது. இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றை உண்ணாத இந்தியக் குடும்பங்களில் இந்த வேறுபாடு உடல்நலத்தையே பாதிக்கக்கூடியது என்பதால், பெட்டியை எடுக்கும் முன் சிலவற்றை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

பெட்டியின் மீது 'பால்' என்ற சொல் ஏன் இல்லை?

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் 'பானம்' என்றே அச்சிடப்பட்டிருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) விதிகளின்படி, பால் என்பது கறவை விலங்குகளின் மடியிலிருந்து கறக்கப்படுவது மட்டுமே. தாவரங்களிலிருந்து தயாரிக்கப்படுபவற்றுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. தேங்காய்ப் பால், நிலக்கடலை வெண்ணெய் போன்று மக்கள் வழக்கில் நெடுங்காலமாக நிலைத்துவிட்ட சில பெயர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

2021-ஆம் ஆண்டு செப்டம்பரில், பால் தொடர்பான சொற்களைத் தாங்கிய தாவரப் பொருட்களைத் தங்கள் தளங்களிலிருந்து நீக்குமாறு இணையவழி வணிக நிறுவனங்களுக்கு ஆணையம் உத்தரவிட்டது. இதனை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் சிலர் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடினர். பால் கூட்டுறவு அமைப்புகளும் தங்கள் தரப்பை எடுத்துரைத்தன. பெயரைப் பற்றிய சண்டையாக மேலோட்டத்தில் தோன்றினாலும், 'பால்' என்ற சொல்லைக் கண்டதும் வாங்குபவர் எதிர்பார்க்கும் ஊட்டம் உள்ளே இருக்கிறதா என்பதே அதன் அடியில் இருந்த கேள்வி.

தமிழ் வாசகர்களுக்கு இதில் மேலும் ஒரு குழப்பம் உண்டு. நம் இனிப்பகங்களில் 'பாதாம் பால்' என விற்கப்படுவது பாதாம் விழுதும் குங்குமப்பூவும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய மாட்டுப் பால். பால் ஒவ்வாமை உள்ளவர் அதனைத் தாவரப் பானம் என நினைத்துப் பருகினால் ஆபத்து. பச்சைப் புள்ளி முத்திரையும் இதில் உதவாது. இந்திய விதிகளில் பால் சைவ உணவாகவே கருதப்படுவதால், பாலும் பால் பொடியும் சேர்ந்த பொருட்களின் மீதும் பச்சைப் புள்ளி இருக்கும். விலங்குவழிப் பொருள் எதுவும் சேராதவற்றுக்கென 2022-ஆம் ஆண்டின் வீகன் உணவு விதிமுறைகள் தனி முத்திரையை அறிமுகப்படுத்தின. பச்சை நிறச் சதுரத்துக்குள் இலையுடன் கூடிய 'வி' எழுத்து அது. பாலை முற்றிலும் தவிர்க்க விரும்புவோர் தேட வேண்டியது அந்த முத்திரையைத்தான்.

பால் இதுவரை தந்தது என்ன?

உலகிலேயே அதிக அளவில் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. 2023-24-ஆம் ஆண்டில் நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ 23.9 கோடி டன்னாக இருந்தது. அந்த ஆண்டில் நாள் ஒன்றுக்கு ஒருவருக்குச் சராசரியாக 471 கிராம் பால் கிடைத்தது என்பது அரசின் கணக்கு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி நெறிகளில், பெரியவர் ஒருவரின் ஒரு நாள் உணவில் 300 மில்லி பால் அல்லது தயிர் இடம்பெற வேண்டும் எனக் கூறப்பட்டுள்ளது.

அந்த 300 மில்லியில் என்ன இருக்கிறது? 100 மில்லி பசும்பாலில் 3 கிராமுக்குச் சற்று அதிகமான புரதமும், ஏறத்தாழ 120 மில்லிகிராம் கால்சியமும் உள்ளன. ஆக, 300 மில்லியில் சுமார் 10 கிராம் புரதமும் 350 மில்லிகிராம் கால்சியமும் கிடைக்கும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான புரதம் சுமார் 46 கிராம். கால்சியம் 1,000 மில்லிகிராம். அதாவது புரதத் தேவையில் ஐந்தில் ஒரு பங்கையும், கால்சியத் தேவையில் மூன்றில் ஒரு பங்கையும் பால் மட்டுமே நிறைவுசெய்து வந்திருக்கிறது.

இந்த இரண்டையும் பருப்பு, கேழ்வரகு, கீரை ஆகியவற்றைக் கொண்டு ஈடுகட்டிவிடலாம். ஈடுகட்ட எளிதல்லாதது வைட்டமின் பி12. நரம்புகளின் நலனுக்கும் ரத்தச் சிவப்பணுக்களின் உருவாக்கத்துக்கும் இன்றியமையாத இந்தச் சத்தை எந்தப் பயிரும் தயாரிப்பதில்லை. நுண்ணுயிரிகள் உருவாக்குகின்றன, இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றின் வழியே அது மனிதர்களை வந்தடைகிறது. முதல் மூன்றையும் உண்ணாத ஒரு வீட்டில் எஞ்சியிருக்கும் ஒரே வழி பால்தான். 300 மில்லி பாலில் 1.2 முதல் 1.5 மைக்ரோகிராம் வரை பி12 இருக்கும். பெரியவரின் ஒரு நாள் தேவை 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல்.

பால் குறித்த மேலைநாட்டு அறிவுரைகளை அப்படியே இங்கு கொண்டுவருவதில் உள்ள சிக்கல் இதுவே. லண்டனிலோ பெர்லினிலோ காபிக்கு ஓட்ஸ் பானத்தைத் தேர்ந்தெடுக்கும் ஒருவர் காலையில் முட்டையும் இரவில் மீனும் உண்பவராக இருக்கக்கூடும். அவருக்குப் பி12 குறைவதில்லை. ஜெய்ப்பூரிலோ அகமதாபாத்திலோ மூன்று தலைமுறைகளாகச் சைவ உணவு உண்ணும் குடும்பத்தில் அதே பானம் அதே இடத்தைப் பிடித்தால், பி12 வரும் ஒரே கதவு சாத்தப்படுகிறது.

அந்தக் கதவு இப்போதே பாதிதான் திறந்திருக்கிறது. 2016 முதல் 2018 வரை நாடு தழுவிய அளவில் நடத்தப்பட்ட விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயது வரையிலான இந்தியர்களில் 31 சதவீதத்தினருக்குப் பி12 குறைபாடு இருப்பது கண்டறியப்பட்டது. நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோருக்கு உடல் பி12-ஐ ஈர்க்கும் அளவு குறையக்கூடும் என்பதும் மருத்துவர்கள் அறிந்த செய்தி. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. அவர்களில் சைவ உணவு உண்பவர் ஒருவர் பாலையும் நிறுத்தினால் இழப்பு இருமடங்காகிறது. கைகால் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, நீங்காத சோர்வு, மறதி என அறிகுறிகள் மெல்ல வருவதால், பலர் அவற்றை வயதின் மீதோ வேலைப்பளுவின் மீதோ சுமத்திவிடுகின்றனர்.

கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மார்களும் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டியவர்கள். தாய்க்குப் பி12 குறைந்தால் தாய்ப்பாலிலும் அது குறையும். அத்தகைய குழந்தைகள் வளர்ச்சியில் பின்தங்குவதும், கற்ற அசைவுகளை இழப்பதும், உடல் நடுக்கத்துக்கு ஆளாவதும் இந்தியக் குழந்தை மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பதிவாகி வருகின்றன.

ஸ்பைருலினா, காளான், இட்லி மாவு, பழைய சோறு ஆகியவற்றில் பி12 நிறைந்திருப்பதாகச் சமூக ஊடகங்களில் உலவும் தகவல்களை நம்பி இருந்துவிட முடியாது. ஸ்பைருலினாவில் பெரும்பகுதி உடலால் பயன்படுத்த இயலாத போலி வடிவம். புளித்த மாவு போன்றவற்றில் கிடைக்கும் அளவு நம்பத்தகுந்ததல்ல. பாலை விட்டவர்களுக்குப் பி12 செறிவூட்டப்பட்ட உணவோ, மருத்துவர் பரிந்துரைக்கும் மாத்திரையோதான் உறுதியான வழி.

சோயா: பாலுக்கு மிக அருகில் வருவது

தாவரப் பானங்களில் புரதத்தின் அளவிலும் தரத்திலும் பாலுக்கு மிக அருகில் நிற்பது சோயா. சர்க்கரை சேர்க்காத சோயா பானத்தில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 3 கிராம் புரதம் இருக்கும். உடலுக்குத் தேவையான எல்லா அமினோ அமிலங்களும் அந்தப் புரதத்தில் போதிய அளவில் உள்ளன. 2020-25 காலத்துக்கான அமெரிக்க உணவு வழிகாட்டி நெறிகள், தாவரப் பானங்களில் செறிவூட்டப்பட்ட சோயா பானத்தை மட்டுமே பால் வகை உணவுகளின் பட்டியலில் சேர்த்திருந்தன. பாதாமும் ஓட்ஸும் அதில் இடம்பெறவில்லை.

'செறிவூட்டப்பட்ட' என்ற அடைமொழி இங்கு முக்கியமானது. சோயாவில் இயல்பாக உள்ள கால்சியம் குறைவு. 100 மில்லிக்கு 25 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். பி12 அறவே இல்லை. கால்சியமும் பி12-உம் வைட்டமின் டி-யும் தயாரிப்பின்போது சேர்க்கப்பட்டால்தான் அது பாலின் இடத்தை நிரப்பும்.

வியப்பு என்னவெனில், சோயா நமக்கு அயலான பயிர் அல்ல. மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் லட்சக்கணக்கான ஹெக்டேரில் அது விளைகிறது. இந்தூரில் சோயாவுக்கெனத் தேசிய ஆராய்ச்சி நிறுவனமே உள்ளது. ஆனால் விளைச்சலின் பெரும்பகுதி எண்ணெய் ஆலைகளுக்கும், எஞ்சிய புண்ணாக்கு கோழித் தீவனத்துக்கும் போகிறது. மனிதர்களின் தட்டுக்கு வருவது சிறு பகுதியே.

அதற்கு ஒரு காரணம் பச்சைச் சோயாவின் வாடை. விதை உடைந்து நீருடன் சேர்ந்ததும் அதிலுள்ள லிபாக்சிஜனேஸ் என்ற நொதி வேலை செய்யத் தொடங்குவதால் அந்த வாடை எழுகிறது. ஊறவைத்துத் தோல் நீக்கிய சோயாவைக் கொதிநிலைக்கு அருகிலுள்ள வெந்நீருடன் சேர்த்து அரைத்தால் நொதி செயலிழந்துவிடும். வாடையும் பெருமளவு அடங்கும். புரதம் செரிப்பதைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான் என்ற பொருளும் சோயாவில் உண்டு. அதனை அழிக்க, வடிகட்டிய பாலைக் குறைந்தது 15 முதல் 20 நிமிடங்கள் கொதிக்கவிட வேண்டும். எனவே வீட்டில் தயாரிக்கும் சோயா பாலை ஒருபோதும் பச்சையாகப் பருகக் கூடாது. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் சோயாவைப் பதப்படுத்தும் முறைகளில் சிறு தொழில்முனைவோருக்குப் பயிற்சி அளித்து வருகிறது. வடிகட்டிய பின் மிஞ்சும் சக்கையில் நார்ச்சத்தும் புரதமும் உள்ளன. சப்பாத்தி மாவில் பிசைந்துகொள்ளலாம்.

சோயா குறித்த அச்சங்களில் ஒன்று, ஆண்களின் ஹார்மோன் அளவை அது பாதிக்கும் என்பது. வழக்கமாக உண்ணும் அளவில் அத்தகைய பாதிப்பு ஏற்படுவதாக மருத்துவ ஆய்வுகளில் நிறுவப்படவில்லை. தைராய்டு மாத்திரை உட்கொள்வோர் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோயா அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடும் என்பதால், இரண்டுக்கும் இடையே சில மணி நேர இடைவெளி தேவை.

பாதாம்: ஒரு குவளையில் எத்தனை பருப்பு?

பாதாம் பருப்பு ஊட்டம் மிகுந்தது என்பதில் ஐயமில்லை. பாதாம் பானம் அப்படியல்ல. உட்பொருட்களின் பட்டியலில் முதலில் இடம்பெறுவது தண்ணீர். பாதாமின் பங்கு 3 சதவீதம் என அச்சிடப்பட்டிருந்தால், ஒரு லிட்டர் பெட்டியில் இருப்பது 30 கிராம் பாதாம். 200 மில்லி குவளைக்கு 6 கிராம், அதாவது ஐந்து பருப்புகள். அவற்றிலிருந்து கிடைக்கும் புரதம் ஒரு கிராம் அளவே. அதே அளவு பசும்பாலில் 6 கிராமுக்கு மேல் இருக்கும். பாலைப் போல் பெரும்பாலும் மூன்று மடங்குக்கு மேல் விலை கொடுத்து இதனை வாங்குவதைக் காட்டிலும், ஐந்து பருப்புகளை ஊறவைத்து மென்று ஒரு குவளை தண்ணீர் பருகுவது சிக்கனமானது.

கலோரியைக் குறைக்க விரும்பும் பெரியவருக்கு, சர்க்கரை சேர்க்காத பாதாம் பானம் தீங்கற்ற தேர்வாக இருக்கலாம். வளரும் குழந்தைக்குப் பாலுக்குப் பதிலாக இதனைக் கொடுப்பது பொருந்தாது. ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கற்கள் உள்ளவர்களும் பாதாமை அளவோடு நிறுத்திக்கொள்ள அறிவுறுத்தப்படுகின்றனர்.

ஓட்ஸின் இனிப்பு எங்கிருந்து வருகிறது?

'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என அச்சிடப்பட்ட ஓட்ஸ் பானமும் நாவில் இனிக்கும். தயாரிப்பின்போது ஓட்ஸில் உள்ள மாவுச்சத்தை நொதிகளைக் கொண்டு உடைக்கின்றனர். அதன் ஒரு பகுதி மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாறுகிறது. வெளியிலிருந்து சர்க்கரை போடப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் பானத்தில் சர்க்கரை உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் முகப்பு வாசகத்தை விட்டுவிட்டு, பின்புறப் பட்டியலில் 'மொத்தச் சர்க்கரை' என்ற வரியைப் படிக்க வேண்டும். புரதம் 100 மில்லிக்கு 1 கிராம் அளவில் இருக்கும். பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து கிடைப்பது இதன் சிறப்பு. ஓட்ஸ் கஞ்சியில் அது இன்னும் கூடுதல்.

அரிசிப் பானத்தில் மாவுச்சத்தைத் தவிர வேறு குறிப்பிடத்தக்க சத்து இல்லை. பெட்டியில் வரும் தேங்காய்ப் பானத்தில் புரதம் ஏறக்குறைய இல்லை எனலாம். சமையலுக்குப் பிழியும் கெட்டியான தேங்காய்ப் பாலில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. குழம்புக்கும் ஆப்பத்துக்கும் அது ஏற்றது. அன்றாடப் பாலின் இடத்தில் வைக்க ஏற்றதல்ல.

காந்தி தேடிய மாற்று

பாலுக்குத் தாவர மாற்றைத் தேடும் முயற்சி இந்தியாவுக்குப் புதிதல்ல. கல்கத்தாவில் கூடுதல் பால் கறப்பதற்காக மாடுகள் மீது இழைக்கப்பட்ட கொடுமைகளைப் பற்றிப் படித்தறிந்த காந்தி, 1912-இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் பாலைத் துறந்தார். நிலக்கடலையும் பழங்களும் அவரது உணவில் முக்கிய இடம் பெற்றன. 1918-இல் கேடா பகுதியில் கடும் வயிற்றுக்கடுப்புக்கு ஆளாகி உடல் மிகவும் நலிந்தபோது, பால் அருந்தாமல் தேற முடியாது என மருத்துவர்கள் கூறினர். விரதம் மேற்கொண்டபோது பசுவும் எருமையும் மட்டுமே அவர் மனத்தில் இருந்தன. ஆட்டுப் பாலுக்குத் தடையில்லை என்று கஸ்தூரிபா எடுத்துரைத்தார். காந்தி இணங்கினார். ஆயினும் விரதத்தின் உட்பொருளை மீறிவிட்டதாகவே கருதி, தன் வரலாற்றில் அதனை வருத்தத்துடன் பதிவுசெய்துள்ளார். பாலுக்கு ஈடான தாவர உணவைக் கண்டறியுமாறு மருத்துவர்களைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். 1935-இல் வார்தாவின் மகன்வாடியில் சோயாவை உணவில் சேர்த்தும் பார்த்தார்.

பி12 தனித்துப் பிரித்தெடுக்கப்பட்டது 1948-இல். காந்தி மறைந்த அதே ஆண்டு. அவரது காலத்து மருத்துவர்களால் அவர் கேட்ட விடையைத் தர இயலாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும்.

பால் தட்டுப்பாடு நிலவிய பிற்காலத்தில், மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் நிலக்கடலைப் புரதத்தை எருமைப் பாலுடன் சேர்த்து 'மில்டோன்' என்ற பானத்தை உருவாக்கியது. பாலை முற்றிலும் அகற்றுவது அதன் நோக்கமல்ல. இருக்கும் பாலைக் கூடுதல் பேருக்குப் பங்கிடுவதே நோக்கம். வெண்மைப் புரட்சியால் பால் பெருகிய நாட்டில் அந்தப் பெயர் இன்று ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது.

பாலை உண்மையிலேயே விட வேண்டுமா?

மாற்றைத் தேடுவோரில் பலர் வயிற்று உபாதையின் காரணமாகவே அந்த முடிவுக்கு வருகின்றனர். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி வயது ஏற ஏறப் பலருக்குக் குறைகிறது. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலில் நொதித்து, வயிற்றுப் பொருமலையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்குகிறது. வட இந்தியர்களைக் காட்டிலும் தென்னிந்தியர்களிடையே இது அதிகம் எனப் பழைய ஆய்வுகளிலேயே தெரியவந்தது. ஆனால் இத்தகையோரில் பெரும்பாலோர் ஒரு குவளைப் பாலை உணவுடன் சேர்த்து அருந்தினால் தாங்கிக்கொள்கின்றனர். தயிரில் நுண்ணுயிரிகளே லாக்டோஸின் ஒரு பகுதியைச் செரித்துவிடுவதால் அது மேலும் எளிது. லாக்டோஸ் நீக்கிய பாலும் சந்தையில் கிடைக்கிறது. புரதம், கால்சியம், பி12 அனைத்தும் அதில் அப்படியே இருக்கும். மோர் ஒத்துக்கொள்கிறது என்றால், விலை உயர்ந்த பெட்டியை வாங்கத் தேவையே எழாமல் போகலாம்.

பால் ஒவ்வாமை இதனின்றும் வேறானது. அது பாலில் உள்ள புரதத்துக்கு உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு காட்டும் எதிர்வினை. தோலில் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வரை செல்லக்கூடும். அவர்களுக்கு லாக்டோஸ் நீக்கிய பாலும் ஆகாது, ஆட்டுப் பாலும் பெரும்பாலும் ஆகாது. விலங்குகள் மீதான பரிவினாலோ சுற்றுச்சூழல் கருதியோ பாலைத் துறப்பவர்கள் மூன்றாவது வகையினர். இவ்விரு வகையினருக்கும்தான் தாவரப் பானத்தின் தரம் உண்மையிலேயே முக்கியமாகிறது.

குழந்தைகள் விஷயத்தில் சமரசம் வேண்டாம்

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ, மருத்துவர் பரிந்துரைக்கும் குழந்தைப் பால்மாவுக்கோ பதிலாக எந்தத் தாவரப் பானத்தையும் கொடுக்கக் கூடாது. கடையில் வாங்கியது, வீட்டில் அரைத்தது என்ற வேறுபாடும் இதில் இல்லை. 2001-இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க மருத்துவர்களின் கட்டுரை இதற்குச் சான்று. இரண்டு வயது நிறையாத இரு குழந்தைகளின் நிலையை அது விவரித்தது. அரிசிப் பானத்தை முக்கிய உணவாகப் பெற்ற குழந்தைக்குக் கடும் புரதக் குறைபாட்டு நோயான குவாஷியார்கர் ஏற்பட்டிருந்தது. செறிவூட்டப்படாத சோயா பானம் பெற்ற குழந்தைக்கு எலும்புகள் வளையும் ரிக்கெட்ஸ். இரண்டு குடும்பங்களும் வறுமையில் வாடியவை அல்ல. நல்ல உணவைத் தருகிறோம் என்ற நம்பிக்கையில் நேர்ந்தவை அவை.

ஒரு வயதுக்குப் பின் பாலைத் தவிர்க்க வேண்டிய மருத்துவக் காரணம் இருந்தால், செறிவூட்டப்பட்ட, சர்க்கரை சேர்க்காத சோயா பானமே முதல் தேர்வாக இருக்க வேண்டும். அதையும் குழந்தை மருத்துவரைக் கலந்து முடிவுசெய்வது நல்லது.

பெட்டியின் பின்புறத்தில் எதைப் படிப்பது?

முதலில் 100 மில்லிக்கான புரத அளவு. 3 கிராமை ஒட்டி இருந்தால் பாலுக்கு நிகர்; 1 கிராமோ அதற்கும் குறைவோ என்றால், பருப்பு, சுண்டல், நிலக்கடலை ஆகியவற்றால் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியிருக்கும். அடுத்து கால்சியம், 120 மில்லிகிராம் அளவில் இருப்பது சிறந்தது. சேர்க்கப்பட்ட கால்சியம் அடியில் படிந்துவிடும் இயல்புடையது என்பதால், ஒவ்வொரு முறையும் பெட்டியை நன்கு குலுக்கி ஊற்ற வேண்டும். குலுக்காமல் ஊற்றினால், பணம் கொடுத்து வாங்கிய கால்சியம் பெட்டியின் அடியிலேயே தங்கிப்போகும். பி12, வைட்டமின் டி ஆகிய பெயர்கள் பட்டியலில் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். சேர்க்கப்பட்டிருப்பதாக ஊகித்துக்கொள்ளக் கூடாது. இந்தியச் சந்தையில் எல்லாத் தாவரப் பானங்களும் செறிவூட்டப்பட்டவை அல்ல. சாக்லேட், வெனிலா சுவை சேர்த்த வகைகளில் சர்க்கரையின் அளவு மிகுந்திருக்கும்.

வீட்டிலேயே தயாரிப்பவர்களுக்கு நிலக்கடலை நல்ல தேர்வு. பூஞ்சை பிடித்தவற்றையும் சுருங்கியவற்றையும் பொறுக்கி நீக்கி, ஊறவைத்து அரைத்து, வடிகட்டிக் காய்ச்சிய கடலைப் பாலில் பாதாம் பானத்தைவிடப் பல மடங்கு புரதம் உண்டு. செலவோ மிகக் குறைவு. ஆனால் வீட்டில் தயாரிப்பது எதுவாயினும் அதில் கூடுதல் கால்சியமோ பி12-ஓ இருக்காது. கால்சியத்துக்குக் கேழ்வரகை நாடலாம். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு அது உள்ளது. முருங்கைக் கீரையிலும் 300 மில்லிகிராமுக்கு மேல். எள்ளில் இதனினும் பன்மடங்கு இருந்தாலும், அதிலுள்ள ஆக்சலேட் காரணமாக உடலில் சேர்வது குறைவு. பாலக் கீரையிலும் அதே தடை உண்டு. கால்சியம் சல்பேட் கொண்டு உறையவைத்த சோயா பனீர் புரதம், கால்சியம் இரண்டையும் ஒருசேரத் தரும்.

ஒரு நாளில் இரண்டு குவளைத் தேநீருக்கு மட்டுமே பாலைப் பயன்படுத்தி, முட்டையோ மீனோ உண்பவராக இருந்தால் இத்தனை கணக்கும் தேவையில்லை. சுவைக்கு ஏற்றதை வாங்கிக்கொள்ளலாம். சோயா, பாதாம் பானங்களைத் தேயிலையுடன் சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். டிகாக்‌ஷனைத் தனியாக இறக்கிச் சற்று ஆறவிட்டு, வெதுவெதுப்பாக்கிய பானத்தைக் கடைசியில் மெல்ல ஊற்ற வேண்டும். இஞ்சி தட்டிப் போடும் வழக்கமுள்ள வீடுகளில், இஞ்சியைத் தண்ணீரிலேயே நன்கு கொதிக்கவைத்து வடிகட்டிய பிறகு பானத்தைச் சேர்ப்பது நல்லது.